பாதி திறந்த வால்வு

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது தொழில்துறைப் பொருள் வடிவமைப்பு. நாற்காலி, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில் என்று நாம் தினமும் கையில் எடுக்கும் பொருள்களை எப்படி யோசித்து, வரைந்து, செய்து, சோதித்துப் பார்ப்பது என்பதுதான் படிப்பு. இதைத் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் புரியவைக்க நான்கு வருடம் முயன்றேன். அம்மாவுக்கு அது வெறும் ‘டிசைன்’. டிசைன் என்றால் ரவிக்கைக் கழுத்து. முதல் லீவுக்கு மூன்று நாள் கப்பலில் ஆடி வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா இரண்டு பிளவுஸ் துணியோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு எதற்கும் சட்டென்று வரும். அந்தத் துணிகளை நான் தொடக்கூட இல்லை. அக்கா பாவம், சிரித்துக்கொண்டே மடித்து எடுத்துப் போனார்.

அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் மகள் ஏதோ பெரிய படிப்பு படிக்கிறாள், அது போதும் அவருக்கு.

அப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் தீவுக்கு வந்து, அரசாங்கத் தண்ணீர்க் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடும் வேலையில் சேர்ந்தவர். இடுப்பளவு நீளமுள்ள ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். எங்கள் பகுதியில் கோடைக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த நாளுக்குத் ‘தண்ணி நாள்’ என்று பெயர். கல்யாணம், காதுகுத்து எல்லாம் தண்ணி நாள் பார்த்துத்தான் வைப்பார்கள்.

பெரிய குழாய் எங்கள் தெருமுனையில் இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வரும். இன்னொன்று குன்றின் மேலே ஏறும். அதை மேல் ரோடு என்போம். தண்ணீருக்குப் பள்ளம்தான் பிடிக்கும். எங்கள் தெரு வால்வை முழுதாகத் திறந்துவிட்டால் எல்லாம் எங்களிடமே கொட்டிவிடும், மேல் ரோட்டுக்கு ஏறவே ஏறாது. அதனால் அப்பா மேல் ரோட்டு வால்வை முழுதாகவும் எங்களுடையதைப் பாதியாகவும் திறப்பார். இரண்டு பக்கமும் மெல்லியதாக, ஆனால் ஒரே அளவாக ஓடும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

“ஊருக்கே தண்ணி தொறந்து விடுற ஆளு வீட்டுல நூலு மாதிரி வருது பாரு” என்று அம்மா ஒவ்வொரு தண்ணி நாளும் சொல்வாள். அப்பா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். மேல் ரோட்டில் ஒருவர்கூடத் தண்ணீருக்காக எங்கள் வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டதில்லை. அதுதான் அவருடைய பெருமை. வேறு பெருமை எதுவும் அவரிடம் நான் பார்த்ததில்லை.

கடைசி வருடத்தில் புதுப்பொருள் ஒன்றை உருவாக்கிக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். யாருக்காகச் செய்கிறோம், அவருடைய கஷ்டம் என்ன, அதை இந்தப் பொருள் குறைக்கிறதா என்பதை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துச் சோதித்து, அளவெடுத்து, படமெடுத்து, மதிப்பெண் போடும் ஜூரி முன்னால் வைக்க வேண்டும். என்னுடன் படித்தவர்கள் முதியவர்களுக்கான மாத்திரைப் பெட்டி, மடக்கும் தொட்டில் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டு நீல டிரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தீவில் அந்த டிரம் இல்லாத வீடு கிடையாது. இடுப்புயரம் இருக்கும். நிறைந்திருக்கும்போது பிரச்சினை இல்லை. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் அம்மா தலையை உள்ளே விட்டுக் குனிந்து மக்கால் மொள்ள வேண்டும். எங்களைத் திட்டுவதுகூட சில நேரம் டிரம்முக்குள்ளிருந்துதான் கேட்கும். இரண்டு வருடமாக அவளுக்கு இடுப்பு வலி. மருத்துவர் குனியாதே என்றார். குனியாமல் எப்படிக் குளிப்பது, எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை.

நான் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. ஒன்றரை அடி உயரத்தில் மூன்று கால் இரும்புத் தாங்கி. அதன் மேல் டிரம். டிரம்மின் அடியில் ஒரு குழாய். மண்டி தனியாகத் தங்குவதற்குக் குழாய்க்குக் கீழே ஒரு சின்னக் குழிவு. கால்களைக் கழற்றிக் கட்டாகக் கட்டிவிடலாம். அட்டையில் ஐந்து மாதிரி, மரத்தில் இரண்டு, கடைசியில் இரும்பில். குடத்தை எந்த உயரத்தில் வைத்தால் முதுகு நேராக இருக்கும் என்று விடுதித் தோழிகளை வரிசையாக நிற்க வைத்து அளந்தேன். விடுதிக் குளியலறைக் குழாயில் ஹோஸைச் செருகி டிரம்மை நிரப்பிப் பார்த்தபோது பதினோரு நிமிடத்தில் நிறைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று தாங்கிகளோடு கப்பல் ஏறினேன். வழியில் ஒன்றின் கால் வளைந்துவிட்டது. சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி பிடித்து, அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் தெரிந்த வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினேன். “யே க்யா ஹை, என்ன இது, பூந்தொட்டி ஸ்டாண்டா?” என்று கேட்டார் கடைக்காரர். அதற்கும் கோபப்பட்டேன். அப்புறம் ஃபெர்ரியில் திரும்பி வரும்போது, கம்பிகளை மடியில் வைத்துக்கொண்டு, இனி அம்மா குனிய வேண்டாம் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் வீடு, தெலுங்கு அக்கா வீடு, தெருக்கடைசியில் இன்னொரு வீடு என்று மூன்று இடத்தில் டிரம்மில் குழாயைப் பொருத்தித் தாங்கியில் ஏற்றினேன். முதல் தண்ணி நாள் காலை ஆறரை மணிக்கு, “பானி ஆகயா!” என்று, தண்ணீர் வந்துவிட்டதை அக்கா வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கும்படி கூவினார். நான் ஹோஸை எடுத்து டிரம்மின் வாயில் வைத்தேன். தண்ணீர் வரவில்லை. ஹோஸைக் கீழே இறக்கினேன், நூலாக வந்தது. மறுபடி தூக்கினேன், நின்றது.

தரையில் இருந்தவரை டிரம்முக்குள் தண்ணீர் மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருந்தது. நான் அதை ஒன்றரை அடி தூக்கி வைத்துவிட்டேன். அந்த உயரத்துக்கு எங்கள் தெருத் தண்ணீரால் ஏற முடியாது. விடுதியின் மொட்டை மாடியில் லாரி அளவுக்கு ஒரு தொட்டி இருந்தது. குழாயைத் திறந்தால் கையில் சுளீரென்று அடிக்கும். அங்கே நின்று சோதித்துவிட்டுக் கை தட்டல் வாங்கியிருக்கிறேன். வேறு யார் இதை மறந்திருந்தாலும் மன்னிக்கலாம். வால்வு திறப்பவரின் மகள் மறந்திருக்கிறேன்.

அம்மா வாளியில் பிடித்தாள். அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கி டிரம்முக்குள் ஊற்றினாள். “நீ எழுதிக்க, நான் பாத்துக்கிறேன்” என்றாள். நான்காவது வாளியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனியாமல் இருக்க ஒரு பொருள் செய்தேன், அது அவளை நெஞ்சுக்கு மேல் வாளி தூக்க வைத்தது. நான் வாளி பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். வால்வை மூடிவிட்டு வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் போட்டாயிற்று. நடுவில் சில தண்ணி நாட்களே இருந்தன. புதிதாக ஒன்றைச் செய்ய நேரமில்லை.

இரண்டாவது தண்ணி நாளில் ஹோஸ் என் கையிலிருந்து துள்ளி விழுந்தது. தண்ணீர் அவ்வளவு வேகம். எங்கள் டிரம் பதினான்கு நிமிடத்தில் நிறைந்தது. அக்கா வீட்டிலும் நிறைந்தது. அம்மா டிரம்மின் குழாயைத் திறந்து, நிமிர்ந்தபடியே குடம் பிடித்தாள். நான் படம் எடுத்துத் தள்ளினேன். அதற்கடுத்த தண்ணி நாளிலும் அதே வேகம். மூன்று வீட்டு அளவுகளையும் அட்டவணை போட்டேன். முதல் நாள் தோல்விக்கு, ‘அன்று வழக்கத்துக்கு மாறாக அழுத்தம் குறைவு’ என்று ஒரு வரி எழுதினேன்.

எனக்கு எதுவும் தெரியாது என்று இப்போது சொன்னால் பொய். ஒரே குழாயில் இரண்டு நாள் இடைவெளியில் இப்படி வித்தியாசம் வந்தால் காரணம் கேட்க வேண்டும் என்பதுதான் நான்கு வருடம் படித்த படிப்பு. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

தொலைபேசியில் என் வழிகாட்டி ஆசிரியை அளவுகளைப் பார்த்துவிட்டு, மூன்று வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன, வேறு உயரத்தில் ஒரு வீட்டிலும் வைத்துப் பாருங்கள் என்றார். அதனால்தான் தெருக்கடைசி வீட்டுத் தாங்கியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் மேல் ரோட்டுக்கு ஏறினேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருந்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இவர் கல்யாணமாகிக் கராச்சர்மாவுக்கு வந்தவர். நான் போனபோது இரண்டு கேன்களில் தண்ணீரோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். கேனைக் கீழே வைத்ததும் அவருடைய விரல்களில் கைப்பிடி பதிந்த சிவப்புக் கோடு தெரிந்தது. கைப்பிடியை இன்னும் அகலமாகச் செய்திருக்கலாம் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் தோன்றியது.

“வா பிள்ள, ஒக்காரு. டிரம்மு காலியாத்தான் கெடக்கு, எங்க வேணாலும் தூக்கி வையி” என்றார். “ரெண்டு தண்ணி நாளா ஒரு சொட்டு ஏறல. கீழ பாலத்துக்கிட்ட ஊத்துல போயித்தான் எடுத்தாறோம்.”

“அப்பாவுக்கு போன் பண்ணலையா?”

“எங்க வீட்டுக்காரரு பண்ணலாம்னாரு. நாந்தான் வேணாம்னேன். அண்ணன் என்ன பண்ணுவாரு, பம்பு கெட்டுப் போயிருந்தா? அவரு கையில இருந்தா வுட்டுருக்க மாட்டாரா?”

நான் தாங்கியை அங்கே வைக்கவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பவும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஏறும்போது இல்லாத கனம் அதில் இருந்தது.

சாயங்காலம் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சாவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, மேல் ரோட்டுக்கு ரெண்டு தடவையாத் தண்ணி ஏறலையாம்.”

“ம்.”

“பம்பு கெட்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

அவர் எண்ணெய்த் துணியை நான்காக மடித்தார். “உன் டிரம்மு நெறையணும்ல ஆத்தா” என்றார். “அன்னிக்கி நீ வாளிக்கிட்ட உக்காந்திருந்தது எனக்குப் பொறுக்கல. இன்னும் ரெண்டு தடவதான். அப்பறம் நீ கப்பல் ஏறிருவ.”

“நான் கேட்டேனா? உங்ககிட்ட நான் கேட்டேனா?” என்று கத்தினேன். உள்ளிருந்து அம்மா, “தெருவுக்குக் கேக்குது” என்றாள். கேட்கட்டும் என்று இன்னும் கத்தினேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்துவந்த மனிதர், என் முகம் வாடியதைப் பார்த்துத் தன்னிடமிருந்த ஒரே பெருமையை எடுத்து என் டிரம்முக்குள் ஊற்றிவிட்டார். அவரை எனக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

அடுத்த தண்ணி நாள் காலையில் எங்கள் குழாயில் மறுபடி நூல். டிரம்முக்கு ஏறவில்லை. ஏறவில்லை என்பதைப் படம் எடுத்தேன், நேரம் எழுதினேன். அம்மாவை வாளி தூக்க விடாமல் தாங்கியைக் கழற்றி டிரம்மைத் தரையில் இறக்கினேன்.

மதியம் அந்த மேல் ரோட்டு அம்மா இறங்கி வந்தார். கையில் ஒரு பெரிய பப்பாளி. அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பம்பச் சரி பண்ணிட்டாங்க போல. காலையில ஜம்முனு ஏறிச்சு. வீட்டு மரத்துல பழுத்துச்சு, பிள்ள ஊருக்குப் போறதுக்குள்ள சாப்புடட்டும்னு எடுத்தாந்தேன்.”

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுப் பக்கம் நின்றபடி வேண்டாம் என்று தலையாட்டினேன். முந்தின நாள் சாயங்காலம் கத்தியவள் நான்தான். இப்போது அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“பம்பு கெடலம்மா” என்றார் அப்பா. “நாந்தான் இந்தப் பக்கம் முழுசாத் தொறந்து விட்டேன். ரெண்டு தடவ. பிள்ள பரீட்சைக்குன்னு.”

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் விரலில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

“சரிண்ணே. படிப்புக்குத்தானே” என்றார். பப்பாளியை அம்மா கையில் கொடுத்தார். அம்மா டீ போடுகிறேன் என்றாள். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் புகார் எழுதவில்லை. யாரும் வாசலில் வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எதிர்த்துப் பேசவாவது முடிந்திருக்கும்.

ஜூரியில் முதல் நாள் அளவையும் கடைசி நாள் அளவையும் மட்டும் வைத்தேன். இந்தப் பொருள் இந்த இடத்தில் வேலை செய்யாது என்று எழுதியிருந்தேன். நடுவில் இரண்டு நாள் அளவுகள் எங்கே என்று ஆசிரியை கேட்டார். தவறான அளவு, நீக்கிவிட்டேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. அரசாங்க வேலையில் இருக்கும் அப்பாவை நான்கு பேர் முன்னால் வைத்து நான் வேறென்ன சொல்வது? ஏன் தோற்றது என்பதைச் சரியாக எழுதியதற்காகத் தேர்ச்சி கொடுத்தார்கள், வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்ணோடு. மாத்திரைப் பெட்டி செய்தவளுக்குப் பரிசு. அவள் அதற்குத் தகுதியானவள்தான், ஆனாலும் அன்று முழுவதும் அவளுடன் நான் பேசவில்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குத் தரையில் வைத்தபடியே சாய்க்கக்கூடிய டிரம் ஒன்றை இங்கேயே இருந்து செய்து பார்ப்பது என்று முடிவு. வந்த பிறகு முதல் தண்ணி நாளில், அழுத்தத்தைத் தெருமுனையிலேயே அளந்துவிடலாம் என்று அப்பாவோடு கிளம்பினேன்.

அப்பா வால்வுக் குழியின் மூடியை நகர்த்தினார். சாவியை இறக்கவில்லை. மணி ஆறரை தாண்டிவிட்டது. தெலுங்கு அக்கா போன் செய்து, “அண்ணா, பானி கப் ஆயேகா?” என்று, தண்ணீர் எப்போது வரும் எனக் கேட்டார். “பாஞ்ச் மினிட்” என்றார் அப்பா.

“தொறங்கப்பா, யாருக்கு வெயிட் பண்றீங்க?”

“வரட்டும்.”

கொஞ்ச நேரத்தில் மேல் ரோட்டிலிருந்து ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பப்பாளி கொண்டுவந்த அம்மாவின் கணவர். என்னைப் பார்த்து, “எப்ப வந்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் குழியின் மறுபக்கம் நின்றார். அப்பா மேல் ரோட்டு வால்வை முழுதாகத் திறந்தார். பிறகு எங்களுடையதைத் திறந்து, பாதியில் நிறுத்தி, சாவியை வெளியே எடுத்தார். வந்தவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். “வர்றேண்ணே” என்று திரும்பி மேட்டில் ஏறினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இப்படித்தான் தெனம் வந்து நிக்கிறாரா? உங்கள நம்பாம?”

“நீ கப்பல் ஏறுன பிறகு வந்தாரு, சும்மா நடக்க வந்த மாதிரி. ஒரு மாசம் நின்னாரு. அப்பறம் போதும்ணேன்னு அவராவே நிறுத்திக்கிட்டாரு” என்றார் அப்பா. “நீ ஊருக்கு வர்றேன்னு போன் பண்ணுனேல்ல, அன்னிக்கி நாந்தான் மறுபடி வரச் சொன்னேன்.”

“எதுக்குப்பா?”

“இனி நீ இங்கதான இருக்கப் போற ஆத்தா. எதுக்காவது உன் மூஞ்சி வாடுனா என் கை சும்மா இருக்காது” என்றார். மூடியைக் காலால் தள்ளிக் குழியை மறைத்துவிட்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வால்வுக்கு நடந்தார்.